பயிற்சி தந்தவர், வேலை கிடைக்கும்வரை கூடவே இருந்தவர்: சகோதரி சுப்புலட்சுமி



நம் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஏதாவது ஓர் இலவசத் திறன் பயிற்சி பற்றிய தாள் எப்போதும் ஒட்டியிருக்கும். தையல், கணினி, அழகுக்கலை, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி என்று ஏதோ ஒன்று. நீங்களும் நின்று படித்திருப்பீர்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம், உங்கள் மகளை இதில் சேர்த்துவிடுங்களேன் என்று சொல்லியிருப்பீர்கள். அவரும் சரி என்று தலையை ஆட்டியிருப்பார். அதற்குப் பிறகு ஒன்றும் நடந்திருக்காது.

அந்தப் பெண்ணுக்கு அக்கறை இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். கொஞ்சம் பொறுத்துக் கேட்டுப் பாருங்கள். பயிற்சிக்குப் பணம் வேண்டாம், சரி. ஆறு மாதம் சம்பாத்தியம் இல்லாமல் வீட்டு வாடகையை யார் கட்டுவது? தம்பியை யார் பள்ளியில் விட்டு அழைத்து வருவது? சாயங்காலம் இருட்டிய பிறகு தனியாக வரும் பெண்ணைப் பற்றித் தெருவில் என்ன பேசுவார்கள்? பத்தாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும் என்கிறார்கள், எட்டோடு நின்றவள் என்ன செய்வது? எல்லாம் முடிந்து கையில் சான்றிதழ் வந்தால், வேலை எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதே சென்னையில் ஒரு பெண்மணி பதில் கண்டுபிடித்தார். பதில்களை ஏட்டில் எழுதி வைக்கவில்லை, ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்பினார். அவர் பெயர் ஆர். எஸ். சுப்புலட்சுமி. ஊர் அவரைச் சகோதரி சுப்புலட்சுமி என்றே அழைத்தது. நம் நகரத்து மனிதர்களைப் பற்றிய பகுதியில் இந்தக் காலாண்டு அவருடைய கதையைச் சொல்கிறோம்.

பதினோரு வயதில் முடிந்துபோன வாழ்க்கை

சுப்புலட்சுமி 1886 ஆகஸ்ட் 18 அன்று மயிலாப்பூரில் பிறந்தார். தஞ்சை மாவட்டத்து ரிஷியூரைப் பூர்வீகமாகக் கொண்ட பிராமணக் குடும்பம். தந்தை சுப்பிரமணிய ஐயர் பொதுப்பணித் துறையில் பொறியாளர். தாய் விசாலாட்சி.

படிப்பில் கெட்டிக்காரக் குழந்தை. அந்தக் காலத்து வழக்கப்படி 1898-ல், பதினோரு வயதில், கல்யாணம் செய்து வைத்தார்கள். சிறிது காலத்திலேயே கணவர் இறந்துபோனார். குழந்தை விதவையானாள்.

அன்றைக்கு அந்தச் சமூகத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தலைமுடியை மழிப்பார்கள். வண்ணச் சேலை கிடையாது, பூ கிடையாது, பொட்டு கிடையாது. நல்ல காரியங்களுக்கு முன்னால் வரக் கூடாது. அண்ணன் வீட்டிலோ மாமா வீட்டிலோ சமையற்கட்டில் சம்பளம் இல்லாத ஆளாகக் காலம் தள்ள வேண்டும். ஐந்து வயதில் விதவையானாலும் ஐம்பது வயதில் விதவையானாலும் விதி ஒன்றுதான்.

சுப்புலட்சுமியின் பெற்றோர் இதற்கு இணங்கவில்லை. மகளின் தலைமுடியை மழிக்க விடவில்லை. தந்தை வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு கான்வென்ட் பள்ளிக்கு அனுப்பினார். உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் சும்மா இருந்திருப்பார்களா? அந்தப் பேச்சை எல்லாம் தாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்.

வீட்டில் இன்னொரு குழந்தை விதவையும் இருந்தார். சுப்புலட்சுமியின் சித்தி வாலாம்பாள். இந்தச் சித்தியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படித்தவர் சுப்புலட்சுமி என்றால், அவர் தொடங்கிய வேலை நிலைத்து நிற்க ஆதாரமாக இருந்தவர் இந்தச் சித்தி.

பட்டம் வாங்கினார், பிறகு?

ராணி மேரிக் கல்லூரி தொடங்கியது 1914-ல்தான். அதற்கு முன் சென்னையில் பெண்களுக்கென்று அரசுக் கல்லூரி இல்லை. ஆகவே சுப்புலட்சுமி ஆண்கள் படிக்கும் மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1911-ல் முதல் வகுப்பில் பி.ஏ. பட்டம் பெற்றார். மதராஸ் மாகாணத்தில் பட்டம் பெற்ற இந்துப் பெண்களில் முதலாமவர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். ஆசிரியர் பயிற்சியும் முடித்து, அரசுக் கல்வித் துறையில் பணியில் சேர்ந்தார்.

இங்கேயே கதை முடிந்திருந்தால் அவரை ஒரு சாதனைப் பெண் என்று சொல்லிப் பாராட்டிவிட்டு நகர்ந்திருப்போம். ஆனால் தனக்குக் கிடைத்தது எப்படிக் கிடைத்தது என்பதை அவர் நன்றாகக் கவனித்து வைத்திருந்தார். தலையை மழிக்க மறுத்த பெற்றோர், சொல்லிக் கொடுத்த அப்பா, வீட்டிலேயே துணையாக ஒரு சித்தி, சாப்பாட்டுக்குக் கவலையில்லாத குடும்பம். இதில் ஒன்று குறைந்திருந்தாலும் அவரும் ஒரு சமையற்கட்டில்தான் இருந்திருப்பார். இவை எதுவும் வாய்க்காத பெண்கள் மாகாணம் முழுவதும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்கு அந்த அப்பாவையும் சித்தியையும் வீட்டையும் யார் கொடுப்பது?

காலியிடத்திலிருந்து தொடங்கியவர்

வேலைவாய்ப்புப் பயிற்சி நடத்துகிறவர்கள் பெரும்பாலும் தங்களிடம் என்ன இருக்கிறதோ அதைக் கற்றுக் கொடுக்கிறார்கள். தையல் இயந்திரம் இருந்தால் தையல் வகுப்பு. சுப்புலட்சுமி மறுமுனையிலிருந்து தொடங்கினார். எந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள் என்று பார்த்தார்.

அப்போது பெண் குழந்தைகளுக்கான பள்ளிகளில் ஆசிரியைகள் இல்லை. ஆண் ஆசிரியர் இருந்தால் பெண்ணை அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். வயது வந்த, கல்யாணமாகாத பெண் என்று இந்துக் குடும்பங்களில் அநேகமாக யாரும் இல்லை, ஏனென்றால் எல்லோருக்கும் குழந்தையிலேயே மணமாகிவிடும். கல்யாணமான பெண்ணை வேலைக்குப் போகக் கணவன் வீட்டார் விடமாட்டார்கள். இருந்த ஆசிரியைகளில் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களும்தான். ஆசாரமான குடும்பங்கள் அங்கே பெண்களை அனுப்ப யோசித்தன.

பெண் கல்வியை மேற்பார்வையிட்ட அரசு அதிகாரி கிறிஸ்டினா லிஞ்ச் என்ற அயர்லாந்துப் பெண்மணி. அவருக்கு ஆசிரியைகள் வேண்டும். சுப்புலட்சுமிக்கு விதவைப் பெண்கள் தம் காலில் நிற்க ஒரு வழி வேண்டும். குடும்பப் பொறுப்பு என்று பிடித்து வைக்கக் கணவன் இல்லாத, வேலைக்குப் போகக் கூடிய இந்துப் பெண்கள் அன்றைக்கு விதவைகள் மட்டுமே. அந்த இரண்டு தேவைகளையும் ஒன்றாக இணைத்ததுதான் சுப்புலட்சுமியின் முதல் காரியம். வீட்டில் அபசகுனம் என்று ஒதுக்கி வைத்திருந்த பெண் அரசுக்கு அவசியமானவளாக மாறினாள்.

எழும்பூரில் நான்கு பெண்கள்

வேலை இருக்கிறது, பயிற்சியும் தரலாம். ஆனால் பெண்ணை யார் அனுப்புவார்கள்?

சுப்புலட்சுமி தம் தந்தையின் எழும்பூர் வீட்டிலேயே நான்கு விதவைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்கினார். அறிவிப்புப் பலகை போதாது என்று அவருக்குத் தெரியும். அப்பாக்களின் பயம் என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். பெண் வழிதவறிவிடுவாளோ, மதம் மாறிவிடுவாளோ, ஆசாரம் கெட்டுவிடுமோ என்ற பயம்தான். ஆகவே அந்த வீட்டுச் சமையலும் மடியும் ஆசாரமும் எந்த வைதீகக் குடும்பமும் குறை சொல்ல முடியாதபடி நடந்தன. அதைக் கவனித்துக்கொண்டவர் சித்தி வாலாம்பாள். சுப்புலட்சுமி வேலைக்குப் போய்வந்த நேரமெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் தாயாக இருந்தவர் அவர்.

இன்றைக்குப் பார்த்தால் அந்த ஆசாரம் நமக்குப் பழைமையாகத் தெரியலாம். அதை ஒரு தந்திரம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது, அந்த வீட்டாரின் சொந்த வாழ்க்கை முறையும் அதுதான். ஆனால் அதன் பலனைப் பாருங்கள். பயந்த அப்பா ஒருவர் வந்து வீட்டைப் பார்த்துவிட்டு, மகளை விட்டுவிட்டுப் போக அதனால் முடிந்தது. பயிற்சித் திட்டங்களில் விடுதி என்பது கூடுதல் வசதி என்று நினைக்கிறோம். சுப்புலட்சுமியின் திட்டத்தில் விடுதிதான் வாசல்.

அடுத்த பிரச்சினை அடிப்படைக் கல்வி. வந்த பெண்கள் எல்லோரும் ஒரே வயதில்லை, ஒரே படிப்பில்லை. எழுத்தே தெரியாதவர்களும் உண்டு. ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் முன் பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டும். அதற்குச் சில ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகள் முழுவதும் தங்க இடம், சாப்பாடு, புத்தகம், கட்டணம் எல்லாம் வேண்டும். மூன்று மாதத்தில் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் அவசரம் அவரிடம் இல்லை. அரசு உதவித்தொகை சிலருக்குக் கிடைக்கச் செய்தார், மற்றதற்கு நன்கொடை தேடினார்.

ஒரு சங்கத்தின் கதை

நம்மைப் போன்ற நலச் சங்கங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 1912-ல் சுப்புலட்சுமி சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். அக்கம்பக்கத்து நடுத்தர வர்க்கத்துப் பெண்கள் கூடிப் பேசவும், நல்ல சொற்பொழிவுகள் கேட்கவும், வீட்டை விட்டு வெளியே வந்து நாலு பேரைத் தெரிந்துகொள்ளவும் ஓர் இடம். பார்த்தால் சாதாரணமான மாதர் சங்கம்தான். ஆனால் விதவைகள் இல்லத்துக்கு அந்தச் சங்கம் பின்பலமாக நின்றது. தம் வீட்டில் ஒரு விதவைப் பெண்ணை மூலையில் உட்கார வைத்திருந்த குடும்பத்துப் பெண்களே, படிக்கும் விதவைகளைப் பார்த்துப் பழகினார்கள். அந்தப் பழக்கம் செய்த வேலையை எந்தப் பிரசங்கமும் செய்திருக்காது.

இல்லம் வளர்ந்தது. எழும்பூர் வீடு போதாமல் திருவல்லிக்கேணிக்கு மாறினார்கள். அங்கே வரவேற்பு இல்லை. விதவைகள் கூட்டமாகத் தெருவில் நடந்து படிக்கப் போவதைப் பார்த்து ஏசியவர்கள் இருந்தார்கள், ஒதுக்கி வைத்தவர்கள் இருந்தார்கள். சுப்புலட்சுமி சண்டைக்குப் போகவில்லை. பெண்களை மறுநாளும் அனுப்பினார்.

ஐஸ் ஹவுஸ்

மெரினாவில் விவேகானந்தர் இல்லத்தைப் பார்த்திருப்பீர்கள். 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்கக் கட்டிய கட்டடம் அது. அதனால்தான் அந்தப் பக்கத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பேர் இன்னும் நிலைத்திருக்கிறது. ஐஸ் வியாபாரம் நின்ற பிறகு பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் அதை வாங்கினார். 1897-ல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கிச் சொற்பொழிவாற்றினார். இதுவரை உங்களில் பலருக்குத் தெரியும்.

அதன் பிறகு அங்கே யார் இருந்தார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது. 1917-ல் மதராஸ் அரசு அந்தக் கட்டடத்தை வாங்கியது. சுப்புலட்சுமியின் விதவைகள் இல்லம் அங்கே நடந்தது. கடலைப் பார்த்த அந்த வட்டமான சுவர்களுக்குள்தான், வீட்டு மூலையிலிருந்து வந்த பெண்கள் படித்து, பயிற்சி பெற்று, மாகாணத்தின் பள்ளிகளுக்கு ஆசிரியைகளாகப் போனார்கள். மாதச் சம்பளம் அவர்கள் கைக்கு வந்தது. தம்பியைப் படிக்க வைத்தவர்களும், வயதான தாயைத் தம்மோடு அழைத்துக்கொண்டவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். ஒருவேளைச் சாப்பாட்டுக்கு யார் முகத்தையும் பார்க்கத் தேவையில்லை என்பதே ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை விளக்கத் தேவையில்லை.

1920-ல் அரசு அவருக்குக் கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் அளித்தது.

கற்றுக் கொடுக்கக் கற்றுக் கொடுத்த இடம்

1922-ல் ஐஸ் ஹவுஸுக்குப் பக்கத்திலேயே லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கி நடத்தியதில் சுப்புலட்சுமிக்கு முக்கியப் பங்கு உண்டு. இன்றும் காமராஜர் சாலையில் அது கல்வியியல் நிறுவனமாக இயங்குகிறது.

அதன் அமைப்பைக் கவனியுங்கள். மூன்று படிநிலைகளில் பயிற்சி. பட்டம் பெற்றவர்கள் உயர்நிலைப் பள்ளிக்கும், அடுத்த நிலையில் படித்தவர்கள் நடுநிலை வகுப்புகளுக்கும், அதற்கும் கீழே படித்தவர்கள் ஆரம்பப் பள்ளிக்கும் ஆசிரியைகளாகலாம். பத்தாவது இல்லையா, போய்விட்டு வா என்று யாரையும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. இருக்கிற படிப்புக்கு ஏற்ற வேலை ஒன்று உண்டு. பயிற்சிக் கல்லூரியோடு ஒட்டியே ஒரு மாதிரிப் பள்ளியும் இருந்தது. பயிற்சி பெறும் பெண்கள் அங்கே நிஜக் குழந்தைகளுக்கு முன்னால் நின்று பாடம் நடத்திப் பழகினார்கள். வேலையில் சேரும் நாளன்று வகுப்பறை அவர்களுக்குப் புதிதாக இருக்கவில்லை.

வசதியில்லாதவர்களுக்கு இலவசப் படிப்பு, ஆங்கிலம், உடற்பயிற்சி, கைத்தொழில் ஆகியவையும் அவருடைய திட்டத்தில் இருந்தன.

பதினெட்டு வயதைத் தாண்டியவள் என்ன செய்வாள்?

அரசுத் திட்டம் என்றால் விதி இருக்கும். விதி என்றால் அதற்கு வெளியே நிற்கும் ஆள் இருப்பார். ஐஸ் ஹவுஸ் இல்லத்தில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்ப்பதில்லை. இருபத்தைந்து வயதில், கையில் குழந்தையோடு விதவையான பெண் வந்து நின்றால் இடமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சுப்புலட்சுமி அரசு ஊழியர். விதியை மீற முடியாது.

அப்போது கைகொடுத்தது அந்த மாதர் சங்கம். 1927-ல் சாரதா மகளிர் சங்கத்தின் பெயரில், வயது வந்த விதவைகள் தங்கிப் படிக்க சாரதா வித்யாலயா தொடங்கப்பட்டது. அரசு போட்ட கோட்டுக்கு வெளியே நின்றவர்களைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. பின்னாளில் அந்தப் பள்ளி ராமகிருஷ்ண மிஷனின் பொறுப்புக்குப் போனது. தியாகராய நகரில் இன்றும் நடக்கிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அங்கே படித்தவர் ஒருவராவது இருக்கக்கூடும்.

இதற்கிடையே நோயின் வேரையும் அவர் மறக்கவில்லை. குழந்தைத் திருமணம் இருக்கும்வரை குழந்தை விதவைகள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். திருமண வயதை உயர்த்துவது பற்றி ஆராய்ந்த ஜோஷி குழுவின் முன் தம் கருத்தைச் சொன்னார். 1929-ல் நிறைவேறி 1930-ல் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம், பெண்ணின் திருமண வயதைக் குறைந்தது 14 என்று வைத்தது.

சொல்லியாக வேண்டிய ஒரு குறை

பெரியவர்களின் வாழ்க்கையைச் சொல்லும்போது குறையை மறைத்தால் அவர்களுக்கும் பெருமையில்லை, படிக்கிறவர்களுக்கும் பயனில்லை. அந்த விதவைகள் இல்லம் பிராமணப் பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. மற்ற சாதிப் பெண்களோடு சேர்ந்து சாப்பிட வேண்டும் என்றால் அந்தக் குடும்பங்கள் பெண்ணை அனுப்பியிருக்காது என்பது அன்றைய நிலைமை. ஆனால் அரசுப் பணம் எல்லோருடைய பணம். அன்றைய மதராஸில் வேலையும் படிப்பும் அதிகம் தேவைப்பட்ட பெண்கள் பலர் அந்த வாசலுக்கு வெளியே நின்றார்கள். இது நமக்கு உறுத்தும், உறுத்தவும் வேண்டும்.

அதோடு அவருடைய பணி நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லேடி வெலிங்டனில் கிறிஸ்தவ ஆசிரியைகளையும் பிராமணரல்லாத ஆசிரியைகளையும் பணியில் அமர்த்தினார். கடலோரத்து நடுக்குப்பத்தில் மீனவர் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். வாசல் சிறியதாகத் தொடங்கியது. அதை அகலப்படுத்த அவரே முயன்றார்.

ஓய்வு என்பது ஓய்வில்லை

1940களின் தொடக்கத்தில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற நம் சங்கத்து உறுப்பினர்கள் இந்தப் பத்தியை நிதானமாகப் படிக்கலாம்.

1942-ல் மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்காக ஸ்ரீ வித்யா கலாநிலையம் தொடங்கினார். பள்ளியைப் பாதியில் விட்ட பெண்கள், பிள்ளை பெற்ற பிறகு படிக்க நினைத்த பெண்கள் எல்லோரும் வரலாம். மயிலாப்பூர் லேடீஸ் கிளப்பின் பள்ளிச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். அந்த முயற்சியிலிருந்துதான் 1956-ல் வித்யா மந்திர் பள்ளி வந்தது. அதாவது, சென்னையின் பேர்பெற்ற பள்ளிகளில் ஒன்றின் தொடக்கம் ஒரு பேட்டைப் பெண்கள் சங்கத்தில் இருக்கிறது. 1952 முதல் 1956 வரை சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார். 1954-ல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு சமூக நல மையம் அமையத் துணை நின்றார். அப்போது அவருக்கு வயது 68.

1958-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1969 டிசம்பர் 20 அன்று, வைகுண்ட ஏகாதசி நாளில், தமது 83-ஆவது வயதில் காலமானார்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

சுப்புலட்சுமி கண்டுபிடித்ததைச் சுருக்கமாகச் சொல்வதானால், பயிற்சி என்பது ஒரு சங்கிலியில் ஒரு கண்ணி மட்டுமே. பெண்ணைத் தேடிப் போவது, வீட்டாரைச் சம்மதிக்க வைப்பது, தங்க இடம், விட்டுப்போன படிப்பு, படிக்கும் காலத்துச் செலவு, பழகிப் பார்க்க ஓர் இடம், கடைசியில் காத்திருக்கும் வேலை. இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பயிற்சி வீணாகும். அவர் எல்லாக் கண்ணிகளையும் செய்தார். அதற்கு அவருக்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

நமக்கு அவ்வளவு பாடு இல்லை. பல கண்ணிகள் இப்போது நகரத்திலேயே இருக்கின்றன. கிண்டியில் பெண்களுக்கென்றே அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து, பட்டப் படிப்புக்கோ பட்டயப் படிப்புக்கோ தொழிற்பயிற்சிக்கோ போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தோழி விடுதிகள் இருக்கின்றன. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்புகள் நடக்கின்றன, தனியார் வேலைவாய்ப்பு முகாம்களும் நடத்துகிறார்கள்.

கண்ணிகள் தனித்தனியாகக் கிடக்கின்றன. அவற்றைக் கோத்துக் கொடுக்க ஆள் இல்லை. அந்த ஆளாக நம் ஒவ்வொருவராலும் இருக்க முடியும். அதற்காக நீங்கள் இல்லம் கட்ட வேண்டாம், கல்லூரி தொடங்க வேண்டாம். இவற்றில் ஒன்றைச் செய்தால் போதும்.

உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு பெண்ணை, அல்லது பையனை, எடுத்துக்கொள்ளுங்கள். காவலாளியின் மகனாக இருக்கலாம், இஸ்திரி போடுபவரின் மகளாக இருக்கலாம். பயிற்சி பற்றிச் சொல்லும் முன், என்ன தடை என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். சாதிச் சான்றிதழ் வாங்கவில்லை, மாற்றுச் சான்றிதழ் தொலைந்துவிட்டது, வங்கிக் கணக்கில் பெயர் வேறு மாதிரி இருக்கிறது என்பார்கள். ஓய்வு பெற்ற ஒருவர் இரண்டு முறை அலுவலகம் போய்வந்தால் தீரும் விஷயம். எட்டாவதோடு நின்ற பெண்ணுக்குப் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு எழுத வைக்க, மாலையில் ஒரு மணி நேரம் கணக்கு சொல்லிக் கொடுக்க நம்மில் எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள்! உங்கள் அலுவலகத்திலோ உறவினரின் கடையிலோ ஆள் எடுக்கிறார்கள் என்றால், எந்தத் திறமை வேண்டும் என்று முதலிலேயே கேட்டுச் சங்கத்துக்குச் சொல்லுங்கள். காலியிடத்திலிருந்து தொடங்குவது எப்படி என்று பார்த்தோம் அல்லவா?

முதல் நாள் கூடப் போங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். புதிய கட்டடத்தின் வாசலில், யாரைக் கேட்பது என்று தெரியாமல் திரும்பி வந்துவிடும் பிள்ளைகள் நிறைய. பக்கத்தில் ஒருவர் நின்றால் உள்ளே போய்விடுவார்கள். பிறகு மாதம் ஒரு முறையாவது எப்படிப் போகிறது என்று விசாரியுங்கள். சான்றிதழ் வந்த பிறகும் விசாரியுங்கள். முதல் சம்பளம் வாங்கினேன் என்று சொல்லும்வரை உங்கள் வேலை முடியவில்லை.

இதில் பங்கெடுக்க விரும்புகிறவர்கள் அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் பெயர் கொடுக்கலாம். என்ன சொல்லிக் கொடுக்க முடியும், எந்த நேரம் வசதி, எந்த அலுவலகம் பழக்கம் என்பதை மட்டும் குறித்து வாருங்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் நான்கு பேரோடு எழும்பூரில் ஒரு வீட்டில் தொடங்கினார்கள். நம் குடியிருப்பில் வீடுகளுக்கும் குறைவில்லை, அந்த நான்கு பேருக்கும் குறைவில்லை.